பாத்திரத்தோடு கிளம்பிய மருமகள்

மாமியார் ஊரில் இல்லாத சமயத்தில் மருமகள் வீட்டைச் சுத்தம் செய்யக் கூடாது. செய்துதான் தீருவேன் என்றால் துடைப்பத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பரண் மேல் மட்டும் ஏறவே கூடாது. நான் ஏறினேன்.

கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்து ஆறேழு மாதம் இருக்கும். வீட்டில் அத்தை, அவர், நான், மூன்றே பேர். ஏரிக்கரைப் பக்கம் புது வீடு முடியும் தறுவாயில் இருந்தது. பழைய ஓட்டு வீட்டிலிருந்து அங்கே குடிபோக வேண்டும். புது வீட்டில் பரண் கிடையாது. சமையலறை முழுக்க வழவழவென்று இழுப்பறைகள். எதிலும் அண்டா நுழையாது. 'வேண்டாததை வெளியே அனுப்புங்கள், மனசு லேசாகும்' என்று செல்போனில் ஓர் அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். (அவர் வீட்டில் மொத்தமே இரண்டு தட்டும் ஒரு பூந்தொட்டியும்தான் இருந்தன. மாமியாரும் இல்லை.)

தங்கையைப் பார்க்க அத்தை தாமலுக்குப் பஸ் ஏறிய அன்றே ஏணியைச் சாத்தினேன். பரணில் அண்டா, குண்டான், தாம்பாளம், தூக்கு என்று ஒரு கல்யாண மண்டபமே கவிழ்ந்து கிடந்தது. எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருந்தது. ஒன்றில் சரசு, ஒன்றில் முனியம்மா, ஒன்றில் வேறு யாரோ. பேர் வெட்டிய பாத்திரம் என்றால் மொய்யாக வந்தது என்பது என் ஞானம். யார் யாரோ எப்போதோ கொடுத்தது, நமக்கு எதற்கு என்று முடிவு கட்டினேன். தெருவில் கூவிக்கொண்டு போன காயலாங்கடைக்காரரை நானே கைதட்டிக் கூப்பிட்டேன். மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு தோசைத் தவாவும் மிதித்தால் சுற்றுகிற மாப்பும் வாங்கிக்கொண்டேன். மனசு லேசாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அத்தை வந்தார். வந்ததும் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாம்மா, பரண் காலியா கீது?"

"சுத்தம் பண்ணிட்டேன் அத்தை."

"பாத்திரமெல்லாம்?"

நான் மாப்பைக் காட்டினேன்.

அத்தை கத்துகிற ரகம் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதுல நம்மளுது ஒண்ணுகூட இல்லியேம்மா. உன் கண்ணாலத்துக்குத் தெருவுல வாங்கினு வந்தது. திருப்பித் தரணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். நாளைக்கு எதிர் வூட்டு சரசு பொண்ணுக்கு வளைகாப்பு. அண்டா கேட்டு இப்போ வந்துடுவா."

வீட்டுக்காரருக்குச் சொல்லலாம் என்றால் அவர் ஒரகடத்தில் கம்பெனிக்குள் இருக்கிறார். அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். என் போன் சார்ஜில் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, தவாவையும் மாப்பையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த அவருடைய காயலாங்கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் மாப்பைத் தொட்டுப் பார்த்தார். "ஈரமா கீதேம்மா. யூஸ் பண்ணிட்டீங்களே."

"ஒரு ரூம்தாண்ணா தொடச்சேன்."

நல்ல மனிதர். பாத்திரங்களைத் தேடியெடுத்துத் தன் லோடு ஆட்டோவிலேயே ஏற்றினார். கட்டக் கயிறு மட்டும் இல்லை. "சாமானைப் புடிச்சிக்கினு பின்னாடி குந்திக்கோ," என்றார்.

என் கோலத்தைச் சொல்ல வேண்டும். பரண் தூசியில் முந்தின நாளிலிருந்தே தும்மல். கண் இரண்டும் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. தலை கலைந்து, ஒரு கையில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறு கையில் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைத்தெரு நடுவே போனேன். அங்கே பூ வாங்கிக்கொண்டிருந்தார் செங்கல்பட்டுச் சித்தி, என் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. கோயிலுக்கு வந்தாராம்.

"ஏண்டி கலை, இன்னாடி இது?"

"பாத்திரமெல்லாம் எடுத்துக்கினு போறேன் சித்தி."

"எங்கடி?"

"வூட்டுக்குத்தான்," என்று சொல்லி ஒரு தும்மலும் போட்டேன். ஆட்டோ திரும்பிவிட்டது.

சொன்ன இரண்டும் சத்தியமான உண்மை. ஆனால் 'எந்த வீட்டுக்கு' என்று சொல்லாமல் விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் குந்தி, புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். காயலாங்கடைக் கரியோடு எப்படித் திருப்பிக் கொடுப்பது? சாயங்காலம் வரை தேய்த்தேன். அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. செங்கல்பட்டிலிருந்து அப்பா, அம்மா, பெரியப்பா, இரண்டு மாமாக்கள், அவர்களோடு பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒரு வக்கீல்.

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரையும் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தார். பெரியப்பா தொண்டையைச் செருமினார். எங்கள் குடும்பத்தில் பஞ்சாயத்து என்றால் அவர்தான்.

"சின்னப் பொண்ணு சம்பந்தியம்மா. தெரியாம பண்ணிட்டா. நீங்கதான் பொறுத்துக்கணும்."

"அட, நான் ஒண்ணும் நெனைக்கல சம்பந்தி," என்றார் அத்தை. "பாத்திரம் வந்துடுச்சில்ல, அது போதும்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "பாத்திரம் வந்தா போதுமா? எம் பொண்ணு?"

"அவ பின்னால தேச்சிக்கினு கீறா."

அம்மா கொல்லைக்கு ஓடி வந்தார். மலைபோலப் பாத்திரம், நடுவில் கரிக் கையும் சிவந்த கண்ணுமாக நான். "ஐயோ, எங்கொழந்தைய இப்படி ஆக்கிட்டாங்களே," என்று அழ ஆரம்பித்தார். வக்கீல் பையிலிருந்து பேனாவை எடுத்தேவிட்டார்.

காப்பாற்றியது சரசக்காதான். நேராக உள்ளே வந்தவர், இத்தனை பேர் குந்தியிருப்பதையும் அம்மா அழுவதையும் பார்த்துத் தயங்கினார். பிறகு மெல்லக் கேட்டார்: "இன்னா விசேஷம்? எங்க அண்டாவை மட்டும் எடுத்துக்கினு போயிடட்டுமா?"

எதற்கு அவருடைய அண்டா இங்கே என்று பெரியப்பா கேட்க, அத்தை பரணிலிருந்து ஆரம்பித்தார். மாப்பு வந்த இடத்தில் வக்கீலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் கோபித்துக்கொண்டு சாமானோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டதாகச் சித்தி போன் அடித்ததும், நான் வந்து சேராமலும் சார்ஜில் கிடந்த போனை எடுக்காமலும் போகவே இவர்கள் வேன் பிடித்ததும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அண்டாவை எதிர் வீட்டில் இறக்கினார்கள். சமாதானம் பேச வந்த கூட்டத்தைச் சரசக்கா விடவில்லை. ராத்தங்கி, மறுநாள் வளைகாப்புச் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வேன் கிளம்பியது.

இன்றைக்கும் பெரியப்பா போன் செய்தால், என்னை நலம் விசாரிப்பதற்கு முன்னால் "பாத்திரமெல்லாம் நல்லா கீதா?" என்றுதான் கேட்பார். கையில் ஒரு தூக்கோடு நான் தெருவில் இறங்கினால் போதும், வேன் சொல்லணுமா என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள்.

புது வீட்டுக்குக் குடிபோன அன்று லோடு ஆட்டோவின் பின்னால் நான் ஏறி உட்கார்ந்ததும், அத்தையும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் ஏறிவிட்டார். என்னைத் தனியாக அனுப்பினால் செங்கல்பட்டிலிருந்து ஆள் வந்துவிடுமாம். கடைத்தெருவில் யாரோ கேட்டார்கள்: "இன்னா, மாமியாரும் மருமவளும் சேந்தே கோச்சிக்கினு போறீங்களா?"

"ஆமா," என்றார் அத்தை. "எந்த அம்மா வூட்டுக்குப் போறதுன்னுதான் இன்னும் பேசிக்கினு கீறோம்."