ஐந்து பேர் காவல் காத்த கெட்டில்

அன்பும் மதிப்பும் மிக்க ஹெஃபின் மாமாவுக்கு, உங்கள் அக்காவின் ஒரே மகன் இயெஸ்டின் பணிவோடு எழுதுவது. இங்கே வேல்ஸில் மழை சௌக்கியம்; நாங்களும் அப்படியே.

உலகத்தாருக்கு அறிவிப்பது யாதெனில், நேற்றுக் காலை பதினொன்றே காலுக்கு, அரசு மருத்துவமனையில், திருவாளர் ப்ரோதரோ ஒரு கப் டீ போட்டார். சிரிக்காதீர்கள். இடுப்பெலும்பு முறிந்து வந்த ஆட்டுப் பண்ணைக்காரர் அவர். தன் கையால் டீ போட்டுக் காட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள், தனியாகச் சமாளிப்பாரா என்று பார்க்க. பண்ணையில் ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன. பக்கத்துப் பண்ணைக்காரர் வெள்ளிக்கிழமை வரைதான் பார்த்துக்கொள்வாராம். மனுஷன் தவியாய்த் தவித்தார்.

அம்மாவோ இப்போது அந்த மருத்துவமனையில் பெரிய ஆள். நடக்க வைப்பவர், பேச வைப்பவர், விழுங்க வைப்பவர், சாப்பாட்டை அளப்பவர் என்று அத்தனை சிகிச்சையாளர்களுக்கும் தலைவி. எல்லாப் பிரிவும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஆகவே திங்கட்கிழமை ஒரு கெட்டிலைச் சுற்றி ஐந்து பேர், ஐந்து கோப்பு. லீவில் என்னைத் தனியே விட்டால் வீடு மிஞ்சாது என்று என்னையும் கூட்டிப்போயிருந்தார். கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். ப்ரோதரோ நாலுகால் ஊன்றுசட்டத்தைப் பிடித்து நடந்து வந்து, தண்ணீர் பிடித்து, பொத்தானை அமுக்கிவிட்டு நின்றார். நின்றார். பத்து நிமிஷம் நின்றார். பரீட்சையில் யாரும் உதவக் கூடாது என்பது விதி.

"இது சூடாகலம்மா."

"நாங்க இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்க."

"இருந்தும் அப்படித்தான இருக்கீங்க."

ஐவரும் எழுதினார்கள். 'நன்றாக நிற்கிறார்.' 'பேச்சு தெளிவு.' 'பிஸ்கட்டைத் தொடவில்லை, பசியில்லை.' 'கருவி மேல் பழி போடுகிறார்.' கடைசி ஆள்: 'வேலையை முடிக்கவில்லை. நினைவாற்றலைச் சோதித்து, இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம்.'

அப்போதுதான் அடியேன் வேறு அறையில் அம்மா நடத்திய மீட்டிங்குக்குள் புகுந்து அவரை இழுத்துவந்தேன். அம்மா கெட்டிலைத் தொட்டார். சுவரைப் பார்த்தார். ஸ்விட்ச் அணைந்திருந்தது.

"பத்து நிமிஷமா ஆவி வரலைன்னு யாராச்சும் எழுதினீங்களா?"

"ஆவி எங்க பிரிவுல வராது மேடம்."

"நாளைக்கு அவர் மறுபடி போடட்டும். அப்புறம் நீங்க அஞ்சு பேரும் டீ போடுங்க. அவர் மார்க் போடுவார்."

அவர் தேறினார், அவர்களில் இருவர் தேறவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகிறார். ஐந்து பட்டதாரிகளுக்குப் படாதது என் கண்ணுக்குப் பட்டது மாமா. எனக்குச் சிலை வைத்தாலும் தப்பில்லை.

அத்தைக்கும் குட்டிகளுக்கும் என் ஆசிகள்.

இயெஸ்டின்

பி.கு.: இதை மேசைமேல் வைத்தது தப்பு. அம்மா படித்துவிட்டு, "வெளிய நின்ன ஒனக்கு ஸ்விட்சு விஷயம் எப்படிடா தெரியும்?" என்றார். பரீட்சைக்கு முன்னாலேயே உள்ளே போய் அணைத்ததே நான்தான் மாமா. ஐந்து பேரும் முழிப்பார்கள், வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் என்றதும்தான் அம்மாவிடம் ஓடினேன். அம்மா என்னை ப்ரோதரோவிடமே போய்ச் சொல்ல வைத்தார். அவர் திட்டவில்லை, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "சின்னக் கைதான். குட்டி உள்ள சிக்கிக்கிட்ட ஆட்டுக்கு இதுதான் தோது" என்றார். சனிக்கிழமையிலிருந்து முழங்கை வரை ஆட்டுக்குள் இருப்பேன். பதில் போட்டால் கொஞ்சம் தாமதமாகத்தான் படிப்பேன்.