வயிரவச் சாமியும் பிரெஞ்சு பேசும் பேயும்

சைகோனுக்கு வடக்கே, கோ வாப் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே, விடியும் முன்பே ஓர் ஊர்வலம் கிளம்பிவிடும். எல்லாரும் பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட, அறுபதைத் தாண்டிய தமிழ் ஆசாமிகள். கையில் ஒரு செம்புத் தண்ணீர், காலில் செருப்பில்லை. எங்கே போகிறார்கள்? வாய்க்கால் கோடியில் மூங்கில் குடிசை போட்டிருக்கும் வயிரவச் சாமியிடம். எதற்கு? பேய் ஓட்ட.

சாதாரணப் பேயா அது? மூன்று வருஷத்துக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் ஏறியபோது அவசரத்தில் விட்டுப்போன பேய். வயதானவர்களின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, சோறு இறங்காமலும் தூக்கம் பிடிக்காமலும் செய்கிறது என்று சாமி கண்டுபிடித்திருந்தார். பிரெஞ்சுப் பேய்க்குத் தமிழ் மந்திரம் புரியாதல்லவா? அதனால் ‘பொன்ழூர்’ என்று வணக்கம் சொல்லி அதைக் கூப்பிட்டு, ‘மெர்சி’ என்று நன்றி சொல்லி வழியனுப்புவார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். பிறகு கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டுவார். தினமும் வந்து அதில் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். நடந்தே வர வேண்டும்; சிக்லோ ரிக்‌ஷாவில் ஏறினால் மந்திரம் இறங்கிவிடும். உண்மையில் அந்த வரப்பில் எந்த ரிக்‌ஷாவும் வராது. அதையே சாஸ்திரமாக்கவும் ஒரு மூளை வேண்டுமே.

ஊர்வலத்தில் வடிவேலுவும் ஒருவர். காரைக்கால்காரர். முப்பது வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் பால் ஊற்றியவர். பட்டாளம் போனது, மாடுகளும் விலைபோயின. மிஞ்சிய ஒரே பசுவைக் கறந்து வீடு வீடாக ஊற்ற மனைவி தெய்வயானையே போதும். வடிவேலு நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை. இனி எதற்காக இருக்க வேண்டும் என்று ஒருநாள் அவளிடமே கேட்டார். அவள் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

அப்படிப்பட்ட மனுஷன், பேய்க்கதை கேட்டு எழுந்துபோய்க் கயிறு கட்டிய ஒரே மாதத்தில் இரண்டாம் முறை சோறு கேட்டார், குறட்டை விட்டார், சிரிக்கக்கூடச் செய்தார். தினமும் போக இரண்டு மைல், வர இரண்டு மைல். வழியில் பா ஹாய் என்ற வியட்நாமியக் கிழவியோடு கீரை விலைக்குச் சண்டை. எழுபது வயதில் தோள்கம்பில் கூடை சுமந்து அதே வரப்பில் நடக்கும் அவள் கையில் கயிறும் இல்லை, நெஞ்சில் பேயும் இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நம்பிக்கை கெட்டுப்போகுமே!

மழை பிடித்ததும் கூட்டம் மெலிந்தது. சாமி உடனே ஒரு சலுகை அறிவித்தார்: கோழி ஒன்று கொடுத்தால் வாராவாரம் புதுக் கயிறு வீடு தேடி வரும், நடக்கவே வேண்டாம். பன்னிரண்டு பேர் கோழியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்கள். தெய்வயானை கோழி தர மறுத்துவிட்டதால், வடிவேலு அவளைத் திட்டிக்கொண்டே நனைந்து நடந்தார்.

அப்போதுதான் சாமி அவர் காதில் ஓதினார். பேய் இன்னும் போகவில்லையாம், கூரை இடுக்கில் ஒளிந்திருக்கிறதாம். பசுவைத் தானம் கொடுத்தால் ஒரேயடியாகப் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக்குக் கப்பல் ஏறிவிடுமாம். அந்த வீட்டுக்குச் சோறு போடுவதே அந்தப் பசுதான். இருந்தும் வடிவேலு ஒப்புக்கொண்டார். பட்டினியைவிட அந்த நாற்காலிக்குத்தான் அவர் அதிகம் பயந்தார்.

தெய்வயானை சண்டை போடவில்லை. பால் ஊற்றப் போகும் வீடுகளில் அந்தப் பன்னிரண்டு பேரும் முழங்கை வரை கயிறு கட்டிக்கொண்டு சுவரை வெறித்திருப்பதை அவள் தினமும் பார்த்துவந்தாள். பௌர்ணமியன்று பசுவைத் தானே சாமியின் குடிசைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பேய் கப்பல் ஏறுவதைப் பார்க்க ஊரே கூடியிருந்தது. அவள் இரண்டு கறுப்புக் கயிறுகளை நீட்டினாள்.

“பசு உங்களுக்குத்தான் சாமி. இதுல ஒண்ணு நீங்க மந்திரிச்சது, இன்னொண்ணு சும்மாக் கயிறு. சக்தி எதுல இருக்குன்னு மட்டும் தொட்டுச் சொல்லிடுங்க.”

சாமி கண்ணை மூடி இரண்டையும் தடவினார். ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இதுதான். கை சுடுது பாரு.”

“அது என் பாவாடை நாடா. கறுப்புச் சாயம் போட்டுக் கொண்டாந்தேன். இவரு கையில மூணு வாரமா இருக்கிறதும் அதோட மீதிதான். குளிக்கக் கழட்டி வெச்சப்ப மாத்திட்டேன்.”

வடிவேலு தன் மணிக்கட்டைப் பார்த்தார். மூன்று வாரமாகச் சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் பாவாடை நாடாவின் மகிமையா? வெட்கமாக இருந்தது. அதைவிட, நெஞ்சு லேசாக இருந்தது.

சாமி லேசில் விடுகிற ஆளா? “கயிறு எதுவா இருந்தா என்ன? பேயை ஓட்டுறது என் வாக்கு,” என்றார்.

தெய்வயானை, கோழி கொடுத்த பன்னிரண்டு பேரில் ஒருத்தியான அழகம்மையைப் பார்த்தாள். “உங்களுக்கும் இதே வாக்குதானேக்கா? இப்ப தூங்குறீங்களா?”

“எங்க தூங்குறது? வீட்டுல உக்காந்த வாரமே பேய் திரும்பி வந்துடுச்சு. கோழிதான் திரும்பி வரல.”

“நடந்தவங்க தேறிட்டாங்க. உக்காந்தவங்க படுத்துட்டாங்க. நடுவுல சாமி என்ன பண்ணினாரு?” என்று தெய்வயானை கூட்டத்தைக் கேட்டாள்.

கூட்டம் சாமியைத் திரும்பிப் பார்த்தது. குடிசை வாசலில் பசுதான் நின்றது, ஆளில்லை. அந்த வரப்பில் அன்றைக்குத்தான் அவரும் முதல்முறையாக வேகமாக நடந்துகொண்டிருந்தார். அவர் உடம்புக்கும் நல்லதுதானே!

மறுநாள் காலை எல்லாரும் சும்மாவே நடந்தார்கள். வடிவேலுவிடம் ஒரு பெரியவர் ரகசியமாகக் கேட்டார்: இனிமேல் அந்தப் பாவாடை நாடாவையே ஆளுக்கொன்று கட்டிக்கொண்டால் என்ன?

பெரியோர்களே, காலாற நடந்தால் உடம்பும் தேறும், மனசும் தேறும். ஆனால் கழுத்துக்கு மேலே ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கிறதே, அதை எப்போது எழுப்பி வேலை வாங்கப் போகிறீர்கள்?