‘வா’வா, ‘ஆ’வா

“‘வா’ன்னுதான் கூப்பிட்டேன்.”

“‘ஆ’ன்னு அலறினீங்க.”

“வா.”

“ஆ.”

அடுப்படி வாசலில் நின்று கணவனும் மனைவியும் இதைச் சொல்லிக்கொள்வது இது ஐந்தாவது நாள். வெளியிலிருந்து கேட்டால் யாரோ பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்டுவதுபோல் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பூமி பன்னிரண்டு விநாடி ஆடியது. ஊரில் பெரிய சேதம் இல்லை. இரண்டு மதில்சுவர்கள் சாய்ந்தன. மூன்றாவது மாடியில் ஒரு குடித்தனம் விரிசல் விட்டது.

கணவர் அச்சகத்தில் பிழைதிருத்துபவர். தெருவுக்கு ‘புரூப் சார்’. அன்று முன்னறையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவோடு புரூப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஊஞ்சலாடுவதைக் கண்டதும் எழுந்தார். முன்வாசல் வழியாக மூன்று மாடியையும் ஒரே மூச்சில் இறங்கினார். ஒரு காலில் செருப்பும் கையில் பேனாவுமாகத் தெருவில் நின்றபோதுதான் பக்கத்தில் மனைவி இல்லை என்பதைப் பார்த்தார்.

ஆட்டம் அடங்கி, கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்தார். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. கோபத்தில் மூச்சு வாங்கியது.

“நான் இருக்கேனா போயிட்டேனான்னு பார்க்க வந்தீங்களாக்கும்?”

அப்போதே ‘தப்புதான்’ என்று சொல்லியிருந்தால் அந்தப் பன்னிரண்டு விநாடியோடு முடிந்திருக்கும். அவர், “ஓடும்போது ‘வா’ன்னு கூப்பிட்டேனே” என்றார்.

“நீங்க கூப்பிட்ட லட்சணம் எனக்குக் கேட்டுச்சு. ‘ஆ’ன்னு ஒரு அலறல். அவ்வளவுதான். ஊரார் எழுத்தையெல்லாம் திருத்துற ஆளு, உங்க வாயில வந்த ஒரு எழுத்துக்குப் பொய் சொல்றீங்க.”

பொய் என்றதும் அவருக்கும் சுர்ரென்று ஏறியது. “என் காதால கேட்டதைச் சொல்றேன்.”

“நானும் காதாலதான் கேட்டேன். மூக்காலயா கேட்டேன்?”

அவள் கெடு வைத்துவிட்டாள். “அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வர்றாரு. நீங்க கூப்பிட்டது நிஜம்னா அதுக்குள்ள நிரூபிங்க. இல்லேன்னா அவரோட கிளம்பிருவேன். ஆடுற வீட்டுலகூட இருந்துரலாம். விட்டுட்டு ஓடுற ஆளோட இருக்க முடியாது.”

சொன்னதோடு நிற்கவில்லை. பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் திறந்து வைத்தாள். தினமும் இரண்டு புடவை உள்ளே போனது.

திங்கட்கிழமை நிலைமை இன்னும் கெட்டது. பேனாவுக்கு மை தேடி அவர் பையைத் திறந்தவள், ஞாயிறன்று அவர் பார்த்துக்கொண்டிருந்த புரூப்பை வெளியே எடுத்தாள். ‘நிலநடுக்கம் வந்தால்’ என்பது தலைப்பு. மாநகராட்சிக்காக அச்சகம் அடிக்கும் துண்டறிக்கை.

“‘வெளியே ஓடாதீர்கள்,’” என்று அவள் உரக்கப் படித்தாள். “‘படிகளில் இறங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் காயப்படுவது ஓடும்போதுதான். இருக்கும் இடத்திலேயே உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசையின் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.’ கீழ யாரு கையெழுத்து இது?”

“என்னுதுதான்.”

“‘ஓடாதீர்கள்’ல ‘டா’வுக்குக் காலை விட்டுட்டாங்கன்னு சிவப்பு மையில போட்டிருக்கீங்க. அந்தக் காலைப் போட்ட கையோட உங்க காலைத் தூக்கிட்டீங்க.”

அவர் அறிக்கையை வாங்கி மறுபடி படித்தார். அதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. அறிக்கையில் சொன்னபடி வீட்டை மாற்றிக் காட்டினால் அக்கறை உள்ள மனிதன் என்று புரிந்துகொள்வாள்.

‘கனமான பொருள்களை உயரத்தில் வைக்காதீர்கள்’ என்றது அறிக்கை. செவ்வாயன்று அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பரண்மேல் ஏறினார். அண்டா, குண்டான், பழைய தையல் மெஷின், இரும்புப் பெட்டி என ஒவ்வொன்றாக இறக்கினார். வீடு சின்னது. இறக்கியதை வைக்க இடம் இல்லாமல் அடுப்படியின் பின்கதவை ஒட்டி அடுக்கினார். பின்கதவுக்கு அப்பால் சந்தில் இறங்கும் இரும்புப் படி. குப்பை கொட்டத் தவிர யாரும் அதில் போவதில்லை.

கடையிலிருந்து வந்தவள் அதைப் பார்த்ததும் பையைத் தரையில் போட்டாள்.

“யாரு கதவை மறைச்சது?”

“பாதுகாப்புக்காகத்தான்...”

“எதை வேணும்னாலும் மறைங்க. உங்க மூஞ்சியை மறைங்க. இந்தக் கதவை மட்டும் மறைக்காதீங்க.”

இரவு உணவுக்குள் அண்டா குண்டான் எல்லாம் மறுபடி பரணுக்குப் போயின. தையல் மெஷினைத் தூக்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிலநடுக்கத்தில் காயப்பட்டவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

புதன்கிழமை பீரோவைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி அடித்தார். சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடுவது அவருக்குத் தெரியாது. குழாய்க்குத் தெரிந்திருந்தது. அன்று முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளாமல் தண்ணீரைத் துடைத்துப் பிழிந்தார்கள். பேசாமல் துடைப்பதிலும் அவள் கோபம் கேட்டது.

வியாழனன்று அவர் ஒத்திகை ஒன்று ஏற்பாடு செய்தார்.

“நான் ‘ஆடுது’ன்னு சொன்னதும் ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசைக்கு அடியில போகணும். ஆளுக்கு ஒரு காலைப் பிடிச்சுக்கணும். சரியா? ஆடுது.”

வயது நாற்பத்தெட்டு, பிடித்த இடுப்பு. ஆனாலும் அவர் முதலில் புகுந்துவிட்டார். புகுந்தபிறகு பார்த்தால் உள்ளே இன்னொருவருக்கு இடம் இல்லை.

அவள் வெளியே நின்று குனிந்து பார்த்தாள். “ஒருத்தர்தான் நுழைய முடியும்போல. அந்த ஒருத்தர் யாருன்னு முன்னாடியே முடிவு பண்ணியாச்சு.”

“இரு, இரு, வெளிய வர்றேன்.”

“வேணாம். அங்கேயே இருங்க. மேசைக்காலைப் பிடிச்ச நேரத்துக்கு என் காலைப் பிடிச்சிருந்தா என்னைக்கோ முடிஞ்சிருக்கும்.”

அன்று பெட்டிக்குள் நான்கு புடவை போனது.

வெள்ளிக்கிழமை அவருக்குப் பொறுமை போய்விட்டது. “சாட்சி கொண்டு வர்றேன். கேட் வாட்ச்மேன் அன்னைக்கு அங்கதான் இருந்தான். பின்னாடி சந்துல சைக்கிள் கடைக்காரர் இருக்காரு, அவரையும் கேப்போம்.”

“ஊரைக் கூட்டி நம்ம மானத்தை வாங்கணுமா? வாட்ச்மேன் ஒருத்தன் போதும்.”

வாட்ச்மேன் மேலே வந்து தொப்பியைக் கழற்றி நின்றான். யோசித்தான்.

“சார் கத்திக்கிட்டேதான் வந்தாரு.”

“கேட்டுக்கோ,” என்றார் அவர். “என்னன்னு கத்தினேன்? வா... சொல்லுப்பா.”

“‘அம்மா’ன்னு, சார்.”

வாட்ச்மேன் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

“இத்தனை நாளும் ‘ஆ’ன்னு பெரிய மனசு பண்ணி விட்டேன்,” என்றாள் அவள். “‘ஆ’கூட இல்லையாம். ‘அ’வாம்.”

ஞாயிறு காலை அண்ணன் வந்தார். கட்டட மேஸ்திரி. பத்துப் பேரை ஒரே அதட்டலில் வேலை வாங்குகிறவர். வரும் வழியில் வண்டி பஞ்சராகி, பின்சந்து சைக்கிள் கடையில் விட்டுவிட்டு வந்த எரிச்சல் வேறு. உட்காரக்கூட இல்லை.

“என்ன மாப்பிள்ளை, பூமி ஆடினா பொண்டாட்டி ஞாபகம் வராதா?”

“மச்சான், நான் கூப்பிட்டேன்...”

“வாட்ச்மேன் சொன்னது என் காதுக்கும் வந்துருச்சு. நாங்க சாரம் கட்டி நிக்கிற ஆளுங்க. பக்கத்துல நிக்கிறவன் விழுந்தா கையைக் கொடுப்போமே தவிர விட்டுட்டு ஓட மாட்டோம். உங்களை நம்பித்தானே அனுப்பி வெச்சேன்? எடும்மா பெட்டியை.”

அவள் பெட்டியை எடுத்தாள். வாசல்வரை வந்துவிட்டாள்.

பிழைதிருத்துபவர் குறுக்கே வந்து நின்றார். ஒரு வாரக் கோபமும் அவரிடம் இருந்தது. ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கடைசியில் தம்மேலேயே காட்டினார்.

“நான் கூப்பிடல. போதுமா? ‘அம்மா’ன்னுதான் கத்தினேன். பயந்துட்டேன். உன் நினைப்பே வரல. தெருவுல போய் நின்னப்புறம்தான் வந்துச்சு. கேவலமா இருந்துச்சு, அதான் ‘வா’ன்னு ஒரு எழுத்தைச் சேர்த்துக்கிட்டேன். இப்ப போறதுன்னா போ.”

வென்றவள் முகம் மலர்ந்திருக்க வேண்டும். அவளோ பெட்டியைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

“என்னம்மா உட்கார்ந்துட்டே? அவரே ஒத்துக்கிட்டாரு,” என்று அண்ணன் அதட்டினார்.

அப்போது சைக்கிள் கடைக்காரர் வண்டிச் சாவியோடு படியேறி வந்தார். “பஞ்சர் போட்டாச்சுண்ணே, கீழ நிறுத்தியிருக்கேன்.”

“நல்ல நேரத்துல வந்தீங்க,” என்றார் அண்ணன். “அன்னைக்கு ஆடினப்போ கடையிலதானே இருந்தீங்க? இந்த மனுஷன் ‘அம்மா’ன்னு கத்தினது உங்களுக்கும் கேட்டுச்சா?”

சைக்கிள் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“எங்கண்ணே கேக்குறது, அதுக்கு முன்னாடியே அக்கா பின்படியில இறங்கி வந்து என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு ‘அம்மா, அம்மா’ன்னு கத்திக்கிட்டு இருந்தாங்களே.”