போன கிழமையே தெரிந்தவர்

1985 செப்டெம்பர் ஆறாம் திகதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் பண்டத்தரிப்புச் சந்தியில் நமசிவாயத்தார் மீன்காரர் சூசைதாசனை முதன்முதலாகக் கண்டார். ஒன்பது ஐந்துக்கு அவரை உளவாளி என்று கண்டுபிடித்து முடித்தார்.

வாசகரே, உள்விஷயக்காரர் என்னும் இனத்தை நீங்கள் அறிவீர்கள். இளைப்பாறிய எழுதுவினைஞரான நமசிவாயத்தார் அவ்வினத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. கத்தரிக்காய் விலையைச் சொல்வதற்கும் இருபுறம் பார்ப்பார். "நான் சொன்னதெண்டு வெளியிலை விட்டிடாதையுங்கோ" என்று தொடங்கி, பாதி வசனத்தில் நிறுத்தி, தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்து, மீதியைப் புருவத்தாலேயே சொல்லி முடிப்பார். ஆயுதம் ஏந்திய இயக்கப் பெடியள் சந்தி மின்கம்பத்தில் யாரையேனும் உளவாளியென்று கட்டிச் சுட்டுவிட்டார்கள் என்றால் ஊர் கதவை அடைத்துக்கொள்ளும். அவரோ சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு சீவரத்தினத்தின் தேத்தண்ணிக் கடைக்குப் புறப்படுவார்.

"எனக்குப் போன கிழமையே தெரியும்."

ஒரு வாரம் முன்பே தெரிந்திருந்தால் செத்தவனுக்கு ஏன் ஐயா சொல்லவில்லை? அப்படிக் கேட்கும் துணிவு யாருக்கு இருந்தது?

உளவாளியை அவர் பிடித்த விதத்தைக் கேளுங்கள்.

"சீவரத்தினம், இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி, அண்ணை."

"வெள்ளிக்கிழமை எந்த வீட்டிலை மீன்சட்டி அடுப்பிலை ஏறும்? உவன் ஆருக்கு விக்க வாறான்? யோசி."

சீவரத்தினம் யோசித்தார். "அதுதானே!"

மாதா கோயிலடிக் கத்தோலிக்க வீடுகளில் வெள்ளிக்கிழமை இறைச்சிதான் விலக்கு, மீன் அல்ல என்பது, பிறந்த நாள்முதல் அக்கோயில் மணி கேட்டே விழித்தெழுந்த இருவருக்கும் தோன்றவில்லை. கடை வாசலைத் தாண்டும்போது அது சந்தேகம். கூட்டுறவுச் சங்கக் கடையில் செய்தி. அந்திக்குள் சூசைதாசனின் மீன்பெட்டியில், ஐஸ்கட்டிகளுக்கும் கீழே, ஒரு வோக்கிடோக்கி முளைத்துவிட்டது.

மறுநாள் இயக்கப் பெடியள் சூசைதாசனைக் கொண்டுபோனார்கள். பங்குச் சுவாமியார் போய் வெள்ளிக்கிழமை விரதத்தை விளக்கி மீட்டு வருவதற்குள் சூசைதாசனுடைய இடக் காது அடிபட்டுக் கேளாமற் போயிருந்தது.

நமசிவாயத்தார் அசைந்தாரா?

"விட்டிட்டாங்களெண்டால் விஷயம் இன்னும் பெரிசு."

ஐப்பசியில் அதே சந்தியில் லொறிச் சாரதி ஒருவர் சுடப்பட்டுக் கிடந்தார். நமசிவாயத்தாருக்கு வழக்கம்போலப் போன கிழமையே தெரியும். வழக்கம்போலக் கடையில் சொன்னார். ஆனால் இம்முறை சுட்டது பெடியள் இல்லை. யார் சுட்டது என்று அவர்களே ஊரைச் சல்லடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜீப் கடை வாசலில் நின்றது. இடுப்பில் பிஸ்டல் செருகிய ஒருவன் மிக மரியாதையாகக் கேட்டான்:

"ஐயா, எங்களுக்கே தெரியாதது உங்களுக்குப் போன கிழமையே எப்பிடித் தெரிஞ்சது? ஏறுங்கோ, ஆறுதலாக் கதைப்பம்."

"தம்பி, எனக்கு ஒண்டும் தெரியாது!"

அக்கடையில் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். உரக்கவும் சொன்னார். யார் நம்புவார்? சீவரத்தினம் கேத்தலுக்குள் எதையோ தேடத் தொடங்கியிருந்தார். அந்த ஜீப்பில் ஏறி இறங்கியவர்கள் ஊரில் மிகச் சிலர். நமசிவாயத்தாரின் ஒரு கால் ஏறியும்விட்டது.

அப்போது சூசைதாசனின் சைக்கிள் வந்து நின்றது.

"தம்பிமார், உவரை இறக்குங்கோ. உவருக்கு ஒரு கோதாரியும் தெரியாது."

"அது உமக்கெப்பிடித் தெரியும்?"

"என்னை உளவாளியெண்டு சொன்னவரும் உவர்தானே? அதை நம்பித்தானே என்னை அடிச்சனீங்கள்? உவற்றை அறிவு எவ்வளவெண்டு என்ரை காது சொல்லும்."

பிஸ்டல்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு நமசிவாயத்தாரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இறங்குங்கோ ஐயா. நீங்கள் ஒண்டுக்கும் சரிவரமாட்டியள்."

ஊர் முழுவதும் பார்த்திருக்க, ஒன்றும் தெரியாதவர் என்று தீர்ப்பாகி, அந்த ஒரே தகுதியால் அவர் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

சிரியுங்கள், வாசகரே. ஆனால் லொறிச் சாரதியைச் சுட்டது யாரென்று உங்களுக்கும் இதற்குள் ஓர் ஊகம் வந்திருக்குமே? பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல நாக்கு அரிக்கிறதா? முதலில் இருபுறமும் பார்க்கிறீர்களா?

நமசிவாயத்தார் அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தம் வீட்டு வாசல் படலையடியில் நின்றார்: அந்த மீன்காரர் தம் காதுக்காகவோ, தாம் மீட்டுக்கொடுத்த உயிருக்காகவோ ஒரு வார்த்தை கேட்பார், கேட்டால் தலையைக் குனிந்து கடனைத் தீர்த்துவிடலாம் என்று. சூசைதாசன் வருவார். "சுகமோ, ஐயா?" என்பார். சைக்கிளை மிதித்துப் போய்விடுவார்.