இருபத்திரண்டு பேர் மன்னிக்காத மதியம்

களைப்பாக இருக்கும்போது செய்யக்கூடாத வேலைகளில் முதன்மையானது, பிறருடைய மன்னிக்கும் குணத்தை அளப்பது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

அப்போது பூன் லே வட்டாரத்தில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, பகுதி நேரமாக உளவியல் முதுகலை படித்துவந்தேன். (இரண்டையும் சேர்த்துச் சமாளிக்கலாம் என்று சொன்னவர்கள் யாரும் சமாளித்துப் பார்த்ததில்லை.) பதின்ம வயதினர் எவ்வளவு மன்னிக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. நகரின் வடக்கே, ஈசூனில் ஒரு துணைப்பாட (டியூஷன்) நிலையத்தில், பெற்றோர் கையெழுத்தெல்லாம் வாங்கிய பிறகு, ஒரே ஒரு சனிக்கிழமை மதியம் கிடைத்தது. இருபத்திரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் பதினான்கு, பதினைந்து வயது.

அரைநாள் வேலை முடித்து, ரயிலில் நின்றபடியே வந்து, சாப்பிடாமல் வகுப்புக்குள் நுழைந்தேன். வினாத்தாளைக் கொடுத்ததுமே சிரிப்பு தொடங்கிவிட்டது. நான் அரும்பாடுபட்டு மொழிபெயர்த்த ‘பகைமை பாராட்டுகிறேன்’ என்ற வரியைக் காட்டி, பாராட்டுவது நல்லதுதானே என்று ஒருவன் கேட்டான். விளக்கினேன். மறுபடி விளக்கும்போது, பின்வரிசையில் நிவேதா என்ற பெண் ஃபோனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவ்வளவுதான். எல்லா ஃபோன்களையும் பிடுங்கி மேசையில் அடுக்கினேன். இந்த லட்சணத்தில் படித்து என்ன கிழிக்கப்போகிறீர்கள் என்றேன். உங்களைப் பெற்றவர்கள் பாவம் என்றும் சொன்னதாக நினைவு. பிறகு, இப்போது மன்னிப்பைப் பற்றி எழுதுங்கள் என்றேன். அறை அடங்கியது. என் ஆளுமையை நானே மெச்சிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில்தான் தாள்களைப் புரட்டினேன். முதல் கேள்வி: ‘அண்மையில் உங்களைப் புண்படுத்திய ஒருவர் யார்? என்ன செய்தார்?’ முதல் தாளில், ‘இந்த அக்கா. ஃபோனைப் பிடுங்கினார்.’ அடுத்ததில், ‘முன்னால் நிற்பவர்.’ மூன்றாவதில் என் சட்டையின் நிறம்கூட இருந்தது. இருபத்திரண்டு தாளிலும் நான்தான். ‘அவருக்கு நல்லது நடக்க விரும்புகிறேன்’ என்ற வரிக்கு, பெரும்பாலோர் ‘சிறிதும் இல்லை’ என்பதை வட்டமிட்டிருந்தார்கள். சிலர் இரண்டு முறை.

என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார்.

“இத யூஸ் பண்ண முடியாதும்மா. பிள்ளைங்ககிட்ட சாரி சொன்னீங்களா?”

அது என் ஆய்வுத் திட்டத்தில் இல்லை என்றேன். அவர் தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி ஈசூனுக்குப் போனேன். ரயிலில் ஒரு நீண்ட உரை தயாரித்திருந்தேன். வகுப்பில் நின்றதும், “அன்னைக்கு நான் பேசினது தப்பு. சாரி” என்பது மட்டும்தான் வந்தது. பின்வரிசையிலிருந்து நிவேதாதான் பேசினாள்.

“ஓகே லா, அக்கா. ஆனா இன்னைக்கு ஃபார்ம் குடுத்தாலும் அதேதான் போடுவோம். கொஞ்சம் டைம் ஆகும்.”

மன்னிக்கக் காலம் பிடிக்கும் என்று என் ஆய்வேட்டில் நானே பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது.

வேறு நிலையம், வேறு பிள்ளைகள் என்று தேடி முடிக்க இன்னும் ஒரு வருடம் போனது. பட்டம் ஒருவழியாக வந்துசேர்ந்தது. இன்றும் நான் வேலைவிட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் வாயைத் திறந்தால், என் கணவர் கையை உயர்த்துவார்.

“தாராளமா திட்டு. ஆனா யாராவது ஃபார்ம் குடுத்தா, உன் பேரத்தான் எழுதுவேன்.”

பெரும்பாலும் அதற்குள் நான் பாதி திட்டி முடித்திருப்பேன்.