பாதர் இவானைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போன விதம்

பாதை தெரியாதவனால் யாருக்கும் பெரிய ஆபத்தில்லை; கேட்டுக் கேட்டாவது போய்ச் சேர்ந்துவிடுவான். பாதை தெரியும் என்று நினைப்பவனின் காரில்தான் ஏறக்கூடாது. ஒரு சனிக்கிழமை அப்படிப்பட்டவனின் காரில் ஏறினார் பாதர் இவான். ஓட்டியவன் நான்.

சுவிஸின் பாடன் நகரத்தில் எங்கள் தமிழ்ப் பூசையும் குரோஷியர்களின் பூசையும் ஒரே கத்தோலிக்கக் கோயிலில்தான் நடக்கும். பாதர் இவான் அவர்களுடைய குருவானவர். ஓர் ஊரில் பூசை, அடுத்த ஊரில் ஞானஸ்நானம், அதற்கடுத்ததில் செத்தவீடு என்று காரிலேயே சீவிக்கிற மனிதர். (பின் சீற்றில் பூசை உடுப்பும், ஏதோவொரு தாய் கட்டிக்கொடுத்த சாப்பாடும் எப்போதும் இருக்கும்.) அந்தக் கார் திடீரென்று படுத்துவிட்டது. வில் நகரத்தில் பிற்பகல் ஒரு கல்யாணம். ரயிலில் போகப்போவதாகச் சொன்னார்.

"நான் இருக்கிறன், பாதர்!" என்றேன். புதுக்கார் வாங்கிய புளுகத்தில் தலைகால் தெரியவில்லை.

"இஞ்சேருங்கோ, வில்லுக்கு வழி தெரியுமோ?" என்று கேட்டாள் மனைவி மேரி.

"சுவிஸுக்கு வந்து எத்தினை வருசம்! என்னட்டையோ கேக்கிறீர்?"

கார்த் திரையில் 'வில்' என்று அடித்து, முதலில் வந்ததை அமத்தினேன். முதல் நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் பக்கத்தில் இருந்த களைப்பு பாதருக்கு. ஏறிய உடனே நித்திரையாகிவிட்டார். வாகன நெரிசலே இல்லாத பாதையை மெச்சியபடி ஓட்டினேன். நகரம் வரவேண்டிய இடத்தில் மாடுகள் வந்தன. பிறகு திராட்சைத் தோட்டங்கள். (வில் இன்னும் முன்னேறவில்லைப் போல என்றுகூட நினைத்தேன்.) வந்து சேர்ந்துவிட்டோம் என்றது கார். எதிரே ஒரு குட்டிச் சிற்றாலயம். பூட்டியிருந்தது.

உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கல்யாணம் எங்கே என்று விசாரித்தேன். என்னையும், கண்ணைக் கசக்கியபடி இறங்கிய பாதரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது ஆர்காவ் மாநிலத்து வில். நீங்கள் தேடுறது சென்காலன் மாநிலத்து வில்லாக இருக்கும்" என்றார்.

சுவிஸில் இன்னொரு வில் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். வந்த வழியே திரும்பி, பாடனையும் தாண்டி, நாட்டின் கிழக்குப் பக்கம் போகவேண்டும்.

பாதர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "அன்ரன், நீர் காரை ஓடும். நான் கதைக்கிறன்" என்றார் அமைதியாக. (எங்கள் இருவருக்கும் பொது மொழி ஜெர்மன்தான். என் காதில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும்.)

கோயிலுக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் இரைச்சல். எனக்குக் குரோஷிய மொழி தெரியாது. ஆனால் கோபத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அவர்கள் கத்தி முடியும்வரை கேட்டுவிட்டு, பாதர் செபமாலையைத் தொடங்கினார். கோயில் முழுக்கத் தொலைபேசிக்குள்ளால் பதில் சொன்னது.

"நீரும் சொல்லும்" என்று என்னை இடித்தார்.

"அருள் நிறைந்த மரியே..." என்றேன், தெரிந்த மொழியில். மறுமுனையில் சிரிப்பு. பிறகு முன்னையிலும் பலத்த செபம். அப்படியே இரண்டு மொழியில் வில் வந்து சேர்ந்தோம், சரியான வில்.

கோயில் வாசலில் பனைமரங்களுக்குக் கோட் போட்டதுபோல ஆண்கள் நின்றார்கள். மாப்பிள்ளைத் தோழன் என் கார்க் கதவைத் திறந்தபோது, பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு நான் தயார். அந்த நேரம் பின்னால் புழுதி படிந்த கார் ஒன்று வந்து நின்றது. குரோஷிய இலக்கத்தகடு. அழுது வீங்கிய முகத்தோடு நின்ற மணமகள் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி பாதரையும் என்னையும் தாண்டி ஓடினாள்.

"டாட்டா!" (அவர்கள் மொழியில் அது அப்பாவாம். யாரையோ வழியனுப்புகிறாள் என்று நினைத்துவிட்டேன்.)

விஷயம் பிறகுதான் தெரிந்தது. ஊரிலிருந்து காரை ஓட்டிவந்த பெண்ணின் தகப்பன் ஒஸ்திரியச் சுரங்கப்பாதை நெரிசலில் மாட்டிக்கொண்டார். அவர் இல்லாமலே தொடங்கச் சொன்னது மாப்பிள்ளை வீடு; முடியாது என்றாள் பெண். கைகலக்கப்போன சண்டை. ஆனால் குருவானவரே வராத கல்யாணத்தை யார் தொடங்குவது?

தோழன் என்னை அப்படியே தோளில் தூக்கினான். பாதர் பிரசங்கத்திலும் என் கதையைத்தான் சொன்னார். கோயிலே திரும்பி எனக்குக் கைதட்டியது. விருந்தில் மணமகளின் அப்பா தன் கையால் பன்றித்தொடை இறைச்சி வெட்டி என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துக்கொண்டிருந்தபோது மேரியின் அழைப்பு.

"நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தீங்களோ?"

"ஓம், ஓம். சரியா பெம்பிளையின்ர அப்பா வந்த நேரம்!"

இப்போதும் குரோஷியக் கல்யாணங்களில் உறவினர் யாராவது நெரிசலில் மாட்டிக்கொண்டால், பெண்ணின் தாய் பாதருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பாராம்:

"பாதர், உங்களைக் கூட்டிவர அன்ரனை அனுப்பட்டுமோ?"