நஜீபாவுக்குக் கைவலி

உலகத்தில் வேறு யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, மனைவி நஜீபாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஜவஹர் அலி இப்படியொரு சபதம் எடுத்தார். சபதம் என்றால் முஷ்டியை மடக்கி எடுப்பதுதான் வழக்கம். அவருக்கு முஷ்டிதான் மடங்கவில்லை. சபதமே அதைப் பற்றித்தான்.

வயது ஐம்பத்தேழு. திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில் இருபத்தாறு வருஷமாகப் புரோட்டாக் கடை. அவர் வீசும் புரோட்டாவில் பதினேழு மடிப்பு இருப்பதாகப் பட்டினச்சேரி மீனவர்கள் பிரித்து எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மாவுக்குப் பதினேழு மடிப்புப் போட்ட விரல்கள், விடிந்தால் ஒரு மடிப்புக்குக்கூட மடிய மறுத்தன. கட்டைவிரலின் அடிமூட்டில் யாரோ கடல்மணலை அள்ளிப் போட்டது போல நறநறவென்றது. வெந்நீரில் கையை வைத்து அரை மணி நேரம் கெஞ்சினால்தான் ஒவ்வொரு விரலாக இறங்கி வரும். சாயங்காலம் ஐம்பது புரோட்டா வீசுவதற்குள் மறுபடியும் முறைத்துக்கொள்ளும்.

இது நஜீபாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? போன வருஷம் அவர் இரண்டு தும்மல் போட்டதற்கு நாலு நாள் கடையை மூடவைத்தவள் அவள். கைவலி என்று தெரிந்தால் கடையைப் பூட்டிச் சாவியை அரசலாற்றில் வீசிவிடுவாள். ஷார்ஜாவிலிருந்து மகள் பஹீமா வீடியோவில் வந்து அழுவாள். மருமகன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "உழைச்சது போதும் மாமா, ரெஸ்ட் எடுங்க" என்பார். ரெஸ்ட்! அந்தச் சொல்லைக் கேட்டாலே ஜவஹர் அலிக்குக் காய்ச்சல் வரும். கடையில் கல் சூடேறினால்தான் அவர் உடம்பிலும் சூடேறும். கல் இல்லாவிட்டால் அவர் வெறும் கல்.

முதல் சோதனை சட்டைப் பொத்தானில் வந்தது. பொத்தானைப் பிடித்தால் விரல் நழுவியது. விரலைப் பிடித்தால் பொத்தான் நழுவியது. கடைசியில், நெஞ்சில் ஒட்டகம் போட்ட டீ-ஷர்ட் ஒன்றை அலமாரியிலிருந்து தேடி எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டார்.

"என்னங்க இது, நாலு நாளா ஒட்டகத்தோட திரியிறீங்க? சட்டை என்னாச்சு?" என்றாள் நஜீபா.

"மருமகப்புள்ள ஆசையா அனுப்புனது. போடலைன்னா வருத்தப்படுவார்ல?"

"அனுப்பி மூணு வருஷமாச்சே!"

"பாவம், மூணு வருஷமா வருத்தப்பட்டிருப்பார்."

மறுநாள் மதியம் ஊறுகாய் பாட்டில் வந்தது.

"இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க."

ஜவஹர் அலி மூடியைப் பார்த்தார். மூடி அவரைப் பார்த்தது. இரண்டில் மூடிதான் தைரியமாகப் பார்த்தது.

"எதுக்கு ஊறுகா? எல்லாம் உப்பு. பிரஷர் வரும்."

"யாருக்கு இங்க பிரஷர்?"

"வராம இருக்கத்தானே சொல்றேன்."

"ஊறுகா இல்லாம மோர்ச்சோறு இறங்கலைன்னு நேத்து நீங்கதானே கேட்டீங்க?"

"அது நேத்து. அறியாமையில கேட்டுட்டேன்."

நஜீபா பாட்டிலை வாங்கி ஒரே திருகில் திறந்தாள். அவர் கையை ஒரு நொடி பார்த்தாள். பாட்டிலோடு உள்ளே போய்விட்டாள். ஜவஹர் அலி தன் சாமர்த்தியத்தை மெச்சித் தன் தோளில் தானே தட்டிக்கொண்டார். மெதுவாகத்தான். வேகமாகத் தட்டினால் வலிக்கும்.

பத்து நாள் இப்படியே ஓடியது. பதினோராம் நாள் காலையில் நஜீபா அடுப்படியிலிருந்து கையை உதறிக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, என் கையைப் பாருங்களேன். காலையில விரல் மடங்கவே மாட்டேங்குது. கட்டைவிரல் அடியில நறநறங்குது. வெந்நீர்ல வச்சாத்தான் கொஞ்சம் இறங்குது."

ஜவஹர் அலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் பதறினார். மறு நிமிஷம் பரிதாபப்பட்டார். அதற்கடுத்த நிமிஷம், சொல்லவே வெட்கம், உள்ளுக்குள் குட்டியாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதே வலி! அவளுக்குத் தரும் மருந்து தனக்கும் கேட்குமே!

"உடனே டாக்டரைப் பார்த்துடணும் நஜீபா. இதையெல்லாம் மறைச்சு வச்சா முத்திப்போயிடும்."

"மறைக்கிறவங்களும் இருப்பாங்களா என்ன?"

"இருக்காங்களே, முட்டாளுங்க!"

அன்றைக்கே இருவரும் பஸ் ஏறிக் காரைக்காலில் எலும்பு டாக்டர் உமாமகேஸ்வரி முன்னால் போய் உட்கார்ந்தார்கள். டாக்டர் நஜீபாவின் கையை அரை நிமிஷம் பிடித்துப் பார்த்தார். பிறகு ஜவஹர் அலி பக்கம் திரும்பினார்.

"இவங்க கையைப் பத்திச் சரியாச் சொல்லணும்னா, அதே வீட்டுல அதே சாப்பாடு சாப்பிடுற இன்னொரு கையோட ஒப்பிட்டுப் பார்க்கணும். கையைக் காட்டுங்க பாய்."

வைத்தியம் இவ்வளவு தூரம் முன்னேறிவிட்டதா என்று வியந்துகொண்டே கையை நீட்டினார் ஜவஹர் அலி. டாக்டர் கட்டைவிரலின் அடியில் ஓர் அழுத்து அழுத்தினார். ஜவஹர் அலிக்குக் கண்ணில் நட்சத்திரம் பறந்தது. முகத்தில் மட்டும் கல்யாண போட்டோவுக்கு நிற்கிறவரின் சிரிப்பு.

"வலிக்குதா?"

"எனக்கா? கூசுது டாக்டரம்மா."

"கண்ணுல தண்ணி வருதே?"

"எனக்குக் கூச்சம் ஜாஸ்தி."

ஒப்பிடுவதற்காக அவர் கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒப்பிடுவதற்காக அவர் ரத்தத்தையும் எடுத்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "மூட்டுத் தேய்மானம். முழுசா மறைஞ்சுடும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா பக்குவமா வச்சுக்கிட்டா வலி நல்லாக் குறையும்."

"வேலையை விட வேண்டியதில்லையே?" என்று பாய்ந்து கேட்டார் ஜவஹர் அலி. கேட்ட வேகம் அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. "இவ வீட்டு வேலையைச் சொல்றேன்."

"விட வேண்டாம். செய்யிற விதத்தைத்தான் மாத்தணும்."

வீட்டில் வைத்தியம் ஆரம்பமானது. காலையில் வெந்நீரில் கையை வைத்து விரலை மடக்கி நீட்டும் பயிற்சி.

"தனியாச் செய்ய ஒரு மாதிரியா இருக்குங்க. நீங்களும் கூடச் செய்யுங்களேன்."

"உனக்காகச் செய்யிறேன்," என்று தியாகி மாதிரிச் சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் வெந்நீரில் கையை விட்டார். அவள் கண் அசரும்போதெல்லாம் அவளுடைய களிம்பை எடுத்துத் தடவிக்கொண்டார். இரண்டு வாரத்தில் டியூப் சப்பையாகிவிட்டது. நஜீபா ஏன் என்று கேட்கவில்லை. புது டியூப் வாங்கி, அவர் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்தாள்.

கட்டைவிரலுக்குப் போடும் பட்டை வந்தது.

"அளவு தப்பா வாங்கிட்டேங்க. எனக்குத் தொளதொளங்குது. மாத்தித் தர மாட்டாங்களாம்."

"காசு குடுத்து வாங்கினதை வீணாக்கக் கூடாது," என்று அவர் வாங்கி மாட்டிப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. நல்ல மனசுக்கு நல்லதே நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் நஜீபாவுக்கு மாவு பிசையும் மெஷின் வேண்டும் என்றாயிற்று. அதுவும் பத்து கிலோ பிசைவது.

"நீ பிசையிறது ஆறு சப்பாத்திக்கு! அதுக்குப் பத்து கிலோ மெஷினா?"

"பெருநாளைக்கு விருந்தாளி வந்தா?"

"பெருநாளுக்கு எட்டு மாசம் கிடக்கு!"

"அதுக்குள்ள நான் பழக வேணாமா?"

மெஷின் வந்தது. வீட்டு லைன் அதைத் தாங்காது என்று நஜீபா சொல்லிவிட்டாள். கடையில் வைக்கச் சொன்னாள். வந்து பிசைந்துகொள்கிறேன் என்றாள். வரவே இல்லை. சும்மா கிடந்தால் துருப்பிடிக்குமே என்ற கவலையில் ஜவஹர் அலி தினமும் கடை மாவைப் போட்டு அதை ஓட்டினார்.

சாயங்காலங்களில் அவள் கடைக்குச் சால்னா கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். அரை மணிக்கொரு தரம் சூடாக ஒரு கிளாஸ் டீ போட்டு நீட்டினாள்.

"கிளாஸைப் பிடிச்சா எனக்குக் கை வலிக்குதுங்க. இதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் உட்காருங்க. ஆறட்டும்."

அவளுக்காக அவர் உட்கார்ந்தார். கிளாஸின் சூடு விரல்களுக்குள் இறங்கியது. எழுந்து போய் வீசினால் புரோட்டா பழையபடி விசிறியாக விரிந்தது.

ஒன்றரை மாதம் போயிற்று. ஒரு நாள் காலையில் ஜவஹர் அலி சட்டை போட்டு, மேலிருந்து கீழ் வரை ஐந்து பொத்தானையும் தானே மாட்டிவிட்டார். கண்ணாடி முன்னால் நின்று இன்னொரு தடவை கழற்றி மாட்டினார். பெண்டாட்டியின் வைத்தியத்தை அவளுக்கே தெரியாமல் திருடிக் குணமான ஆண்பிள்ளை இந்த டெல்டாவில் தன்னைத் தவிர வேறு எவன் என்று மீசையை முறுக்கினார். முறுக்கவும் முடிந்தது.

அன்றைக்குத்தான் டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருந்தார். போய்க் காத்திருந்தார்கள். நர்ஸ் வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள்.

"ஜவஹர் அலி!"

"நோயாளி இவங்கதாம்மா. நான் ஒப்பிட வந்தவன்."

நர்ஸ் கையிலிருந்த ஃபைலைப் பிரித்து, காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தாள். "ஜவஹர் அலி. ஆண். வயசு அம்பத்தேழு. வலது கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம். தொழில், புரோட்டா மாஸ்டர். நீங்கதானே?"

ஜவஹர் அலி நஜீபாவைப் பார்த்தார். நஜீபா மின்விசிறியைப் பார்த்தாள்.

உள்ளே டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "உங்களைக் கூட்டிட்டு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அவங்க தனியா வந்தாங்க பாய். கையைப் பார்க்காம மருந்து எழுத முடியாதுன்னேன். 'அவருக்குன்னு சொன்னா வர மாட்டார், எனக்குன்னு சொன்னா ஓடி வருவார்'னாங்க. எங்க, என் கையை இறுக்கிப் பிடிங்க பார்ப்போம்."

பிடித்தார். டாக்டரே கையை உதறிக்கொண்டார். "நல்ல முன்னேற்றம்."

"கடை...?"

"தாராளமா நடத்துங்க. இப்ப நடத்துற மாதிரியே."

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே போனதும் ஜவஹர் அலி சொன்னார்.

"நீ கடையைப் பூட்டிடுவேன்னு நினைச்சேன்."

"பூட்டிட்டு? நாள் பூரா உங்களை வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்ன செய்யிறது? என் சால்னாவை யாருக்கு ஊத்துறது?"

அது அவருக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் ஆண்பிள்ளை, ஒரேயடியாகத் தோற்க முடியுமா?

"உண்மையைச் சொன்னா, நீ நடிக்கிறேன்னு எனக்கு முதல் நாளே தெரியும். போனாப் போகுதுன்னு விட்டுக்குடுத்தேன். இனிமே இந்த வேலையெல்லாம் என்கிட்ட நடக்காது."

"சரிங்க," என்றாள் நஜீபா பணிவாக. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"ஏங்க, மூணு நாளா எனக்கு இடது பக்கக் கடவாப்பல்லு சுருக்சுருக்குன்னு வலிக்குதுங்க. நாளைக்குப் பல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறீங்களா?"

மூன்று நாளாக வலது பக்கமாகவே மென்றுகொண்டிருந்த ஜவஹர் அலி, "ஒப்பிட நானும் வரணுமா?" என்று கேட்டார்.